கோழி வாங்குறதுக்கு முன்னாடி கூடு

வீட்டுல நாலு கோழி வளர்க்கணும், எந்த ரகம் வாங்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. யார் இதைக் கேட்டாலும் நான் பதிலுக்கு ரெண்டு கேள்வி கேட்பேன். உங்களுக்கு முட்டை வேணுமா, குஞ்சு வேணுமா? ராத்திரி அதுங்க எங்கே தூங்கும்?

முதல் கேள்விக்கு வருவோம். நம்ம ஊர் சிறுவிடைக் கோழி 12, 15 முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துடும். 21 நாள் அடைகாத்து, பொரிச்ச குஞ்சுகளை ரெண்டு மூணு மாசம் கூட்டிக்கிட்டுத் திரியும். அந்த நாளெல்லாம் முட்டை கிடையாது. வருஷத்துக்கு 60, 70 முட்டையோட நின்னுடுறதுக்கு இதுதான் காரணம். நாலு கோழி வெச்சிருந்தா வாரத்துக்கு அஞ்சு முட்டை கிடைக்கும்.

ஹைதராபாத்ல இருக்கிற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம், புறக்கடையில வளர்க்கிறதுக்காகவே கிராமப்பிரியானு ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கு. இது அடைக்கு உட்காருறது அபூர்வம். நல்லா கவனிச்சா வருஷத்துக்கு 200 முட்டைக்குப் பக்கத்துல வரும். நாலு கோழினா தினமும் ரெண்டு முட்டை. ஆனா குஞ்சு பொரிக்க இதை நம்ப முடியாது. முட்டையும் அடையும் ஒண்ணையொண்ணு தின்னுடும். ரெண்டையும் அள்ளித் தர்ற கோழினு யாராவது வித்தா, கொஞ்சம் யோசிங்க.

கடக்நாத், அதாவது கருங்கோழி பத்தியும் கேட்டீங்க. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி அது. 2018ல புவிசார் குறியீடு கிடைச்சது. தோல், கறி எல்லாம் கருப்புதான். முட்டை மட்டும் கருப்பா இருக்காது. விலைக்கு ஏத்த முட்டை எண்ணிக்கையும் இருக்காது. அசில் கம்பீரமான கோழி, ஆனா சண்டைக்குனே வளர்த்து வந்த இனம். முதல் முறை வளர்க்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சேவல் வேணுமா? முட்டைக்குத் தேவையே இல்லை, குஞ்சுக்குத்தான் தேவை. விடியறதுக்கு முன்னாடியே அது கூவ ஆரம்பிச்சுடும்ங்கிறதைப் பக்கத்து வீட்டையும் நினைச்சு முடிவு பண்ணுங்க. ஒரு நாள் குஞ்சா வாங்கினா பாதி சேவலாத்தான் இருக்கும். அதனால தடுப்பூசி போட்ட, மூணு மாசத்துக்கு மேலான விடைக்கோழியா வாங்குங்க. வெள்ளைக் கழிச்சல் வந்தா ரெண்டே நாள்ல கூடு காலியாகிடும், அதுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான்.

இப்போ ரெண்டாவது கேள்வி. கோழிக்கு இருட்டுல சரியாக் கண் தெரியாது. ராத்திரி பூனை உள்ளே வந்தா தப்பிச்சு ஓடக்கூட அதால முடியாது. கடையில மலிவா கிடைக்கிற பெரிய கண் கோழிவலை, கோழியை உள்ளே வைக்கும், ஆனா திருடனை வெளியே வைக்காது. அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்க. கூடு மண் தரையில இருந்தா, சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு அந்த வலையைப் புதைச்சுடுங்க. கீரி தோண்டியும் உள்ளே வரலாம்.

நாலு கோழிக்கு நாலடிக்கு மூணடி கூடு போதும், பகல்ல மேய வெளியே இடம் இருந்தா. உட்கார்ந்து தூங்க ஒரு கட்டை, ஒரு கோழிக்கு முக்கால் அடி இடம். முட்டைப் பெட்டி ஒண்ணு போதும், ஆனா கட்டையை விடக் கீழே இருக்கணும். மேலே வெச்சா அதுலயே போய்த் தூங்கி, எச்சம் போட்டு வெச்சுடும். தரைக்கு மூணு அங்குலம் நெல் உமி போட்டு, ஈரமானா மாத்துங்க.

மொட்டை மாடினா வெயில்தான் முதல் எதிரி. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். தகரக் கூரைக்கு மேல தென்னங்கீற்று போடுங்க. நீளமான பக்கம் கிழக்கு மேற்கா இருந்தா வெயில் நேரா உள்ளே அடிக்காது. நாலு பக்கமும் பலகை அடிச்சு மூடிடாதீங்க, காத்து ஓடணும். மே மாசம் மதியம் 2 மணிக்கு நீங்க அங்கே பத்து நிமிஷம் நிக்க முடியலனா, கோழியும் நிக்க முடியாது.

கடைசியா, யாரும் கேட்காத கேள்வி. முதல் ரெண்டு வருஷம்தான் முட்டை நல்லா வரும். அதுக்கப்புறமும் அஞ்சாறு வருஷம் கோழி உயிரோட இருக்கும். அப்போ என்ன பண்ணுவீங்க? குழம்பு வைக்கலாம், அப்படியே வெச்சு வளர்க்கலாம், ஊர்ல தோட்டம் இருக்கிறவங்ககிட்ட கொடுக்கலாம். எதுவும் தப்பில்லை. ஆனா வீட்டுல குழந்தைங்க அதுக்குப் பேர் வெச்ச பிறகு இந்தப் பேச்சு ரொம்பக் கஷ்டமாகிடும். வாங்குறதுக்கு முன்னாடியே வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசிடுங்க.

கூடு தயாரா? ஒரு வாரம் காலியா வெச்சு, ராத்திரி என்னென்ன சுத்துதுனு பாருங்க. அப்புறம் கோழி வாங்கப் போகலாம். அடுத்த எபிசோடுல தீவனம் பத்திப் பேசுவோம்.