இளமை என்னும் ஆலயம்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் நாளில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் காணும் பங்கு தன் ஆலயத்தைப் பழுது பார்க்கிறது. கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிறோம், ஒழுகும் இடத்தை அடைக்கிறோம், மணிக்குப் புதுக் கயிறு மாட்டுகிறோம். இதை யாரும் ஆடம்பரம் என்பதில்லை. ஆண்டவரின் இல்லத்தைப் பேணுவது கடமை என்கிறோம். நம் உடலும் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயமே என்று புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். ஆனால் அந்த ஆலயம் ஒழுகும்போது நாம் கவனிப்பதில்லை. தவமும் தியாகமுமே கிறிஸ்தவம், தன்னைப் பேணுவது தன்னலம் என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் சரிதானா? திருமறையையே கேட்டுப் பார்ப்போம்.

அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். இறைவாக்கினர் எலியா கர்மேல் மலையில் பெருவெற்றி பெற்றவர். பாகாலின் 450 பொய்வாக்கினர்முன் தனியாளாய் நின்றவர். ஆனால் அரசி ஈசபேல் உயிரை எடுப்பேன் என்று ஆளனுப்பியதும், அந்த வீரர் அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளனையும் விட்டுவிட்டுத் தன்னந்தனியாய்ப் பாலைநிலத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடுகிறார்.

கடவுள் அவரைக் கடிந்துகொண்டாரா? விசுவாசம் குறைந்துவிட்டதே என்று அறிவுரை சொன்னாரா? இல்லை. முதலில் உறங்க விட்டார். பிறகு வானதூதரை அனுப்பித் தட்டி எழுப்பினார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம் ஒன்றும், ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் முறை எழுப்பி, போகவேண்டிய வழி நெடியது என்று சொல்லி உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து எலியா ஓரேபு மலையை அடைந்தார். அங்கேதான் ஆண்டவர் அவரோடு பேசினார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் உடல்; அடுத்து உள்ளம்; பின்பு ஆன்மா; முடிவில் ஒரு துணை. தளர்ந்துபோன மனிதனைக் கடவுள் இப்படித்தான் பேணினார். கடவுளே இவ்வளவு கருத்தாய்ப் பேணும் ஒன்றை, நாம் எப்படி அலட்சியம் செய்யலாம்?

உறக்கமும் உணவும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று அந்தச் சுவரை அரிப்பது இரவு விழிப்பு. 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறதா? தேர்வுக்காகச் சில இரவுகள். கைப்பேசிக்காகப் பல இரவுகள். போர்வைக்குள் வெளிச்சம், விடிந்தால் எரிச்சல்!

தூக்கத்தைப் பற்றிப் புனிதர் ஒருவர் சொல்லுவதைக் கேளுங்கள். லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் கடுந்தவம் புரிந்தார். இரவில் படுக்கப் போகும்போதெல்லாம் அவருக்குத் தெய்வீக எண்ணங்களும் ஆறுதல்களும் பெருகி வந்தன, உறக்கம் கெட்டது. உறங்குவதற்கென்று வைத்த நேரத்தைப் பறிக்கும் இவை நல்ல ஆவியிடமிருந்துதான் வருகின்றனவா என்று அவர் ஐயுற்றார். அவற்றை ஒதுக்கிவிட்டு உறங்குவதே மேல் என்று முடிவு செய்தார். இறை எண்ணத்துக்காகக்கூட உறக்கத்தை விடாதே என்று ஒரு புனிதர் தமக்குத் தாமே சட்டம் போட்டுக்கொண்டார் என்றால், கைப்பேசிக்காக விடலாமா?

அடுத்தது உணவு. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். நம் பீடத்தின்முன் பாடும் பிள்ளைகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். மூச்சு வாங்குகிறது, படிப்பில் கவனம் நிற்கவில்லை என்றால், சோம்பேறி என்று ஏசுமுன் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியது பெண்பிள்ளைக்கு என்னும் வழக்கம் இன்னும் எந்த வீட்டிலாவது இருந்தால், இப்பொன்விழா ஆண்டோடு அது ஒழியட்டும். கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை, மீன் ஆகியவை எட்டாக்கனிகள் அல்ல. சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நலம்.

தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பதைப் பற்றியும் ஒரு சொல். தாயாகிய திருச்சபை இதிலும் அளவு வகுத்திருக்கிறது. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோருக்கு. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தோருக்கு. நோயுற்றோரை அது வற்புறுத்துவதில்லை. தவம் உடலை ஆளப் பழக்கும் பயிற்சி. உடலை அழிக்கும் ஆயுதம் அன்று.

விளையாட்டை நேர விரயம் என்று நினைக்கும் பெற்றோருக்குத் தூரின் நகரத்து இளைஞர் ஒருவரைக் காட்டுவோம். 1901-இல் பிறந்த பியர் ஜார்ஜோ பிரசாத்தி மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்டவர். மலை ஏறிய அதே கால்களால்தான் ஏழைகளின் வீட்டுப் படிகளையும் ஏறி, உணவும் மருந்தும் கொண்டு கொடுத்தார். இளம்பிள்ளை வாதம் கண்டு 1925-இல் 24-ஆம் வயதில் இறந்தார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். உடல் வலிமையும் அன்புப்பணியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே சான்று.

குமுறும் உள்ளம்

ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவிடம் கேட்டது ஒரு கேள்வி: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா தம் மனக்குறையை எல்லாம் கொட்டினார். ஆண்டவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். எலியா மறுபடியும் அதையே சொன்னார். ஆண்டவர் இரண்டு முறையும் பொறுமையாய்க் கேட்டார். இதுதான் முதலில் சொன்னேனே, முடிந்ததே என்று அவர் சலித்துக்கொள்ளவில்லை.

மனநோய்களில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் ஓடும் நாம், மனம் நோயுற்றால் மறைக்கிறோம். ஊர் என்ன சொல்லும் என்கிறோம். நன்றாய்ச் செபி, சரியாகிவிடும் என்கிறோம். செபிக்கத்தான் வேண்டும். கூடவே மருத்துவரையும் நாட வேண்டும். மருத்துவரை மதிக்கும்படியும், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்றும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மனநல மருந்து உண்பது விசுவாசக் குறைவு அன்று.

மேடையில் சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேர்வில் தோல்வி, காதலில் ஏமாற்றம், வீட்டில் சண்டை, கடன், கேலி எனப் பல காரணங்களால் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணும் பிள்ளைகள் உண்டு. அந்த எண்ணம் வந்ததாலேயே அவர்கள் கெட்டவர்கள் அல்லர். எலியாவுக்கு வந்தது. மன்ரேசாவில் இஞ்ஞாசியாருக்கும் வந்தது; பாவ உறுத்தல் தாங்காமல் தவித்த நாள்களில் அந்தச் சோதனை அவரை வாட்டியதை அவரே தம் வரலாற்றில் மறைக்காமல் கூறியிருக்கிறார். அதைக் கடந்து வாழ்ந்ததால்தான் அவர் உலகுக்குப் பயன்பட்டார்.

அந்த இருளிலிருந்து அவர் கற்றுத்தந்த விதிகளில் இரண்டை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று: உள்ளம் இருண்டிருக்கும் வேளையில் எந்த முடிவையும் எடுக்கவோ மாற்றவோ கூடாது. இருட்டில் வழி மாறினால் பள்ளத்தில்தான் விழுவோம், விடியட்டும். இரண்டு: அலகை நம்மிடம் முதலில் கேட்பது, யாரிடமும் சொல்லாதே என்பதைத்தான். நம்பத் தகுந்த ஒருவரிடம் சொல்லிவிட்டால் அதன் வலிமை பாதி போய்விடும். பெற்றோரிடம் சொல்ல முடியாவிட்டால் குருவிடம், அருட்சகோதரியிடம், ஆசிரியரிடம், நண்பரிடம் சொல்லுங்கள். யாருமே இல்லை என்று தோன்றும் நள்ளிரவிலும் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, பிள்ளை உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கினால், ஆசையாய் வைத்திருந்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தால், நான் உங்களுக்குப் பாரம் என்று சொன்னால், அதை விளையாட்டாய் எண்ணாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. பேச ஒரு வாசல் திறக்கும்.

ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையை இழந்து, அந்தத் துயரத்தை யாரிடமும் சொல்லாமல் சுமக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அறிந்தே உயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் மனிதனின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது. அவர்கள் பெயரைச் சொல்லிப் பூசைக் கருத்துக் கொடுக்க வெட்கப்பட வேண்டாம்.

மெல்லிய ஒலி

ஓரேபில் பெருங்காற்று வீசிற்று, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. அவற்றில் ஆண்டவர் இல்லை. இறுதியில் ஒரு மெல்லிய ஒலி கேட்டது. எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலில் வந்து நின்றார்.

நம் நாள்களில் காற்றுக்கும் தீக்கும் குறைவில்லை. காதில் எந்நேரமும் ஏதோ ஒன்று ஒலிக்கிறது. நாள்தோறும் பத்து நிமிடம் அனைத்தையும் நிறுத்திவிட்டு, இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனையைச் செய்து பாருங்கள். படுக்குமுன் அன்றைய நன்மைகளுக்கு நன்றி சொல்லுங்கள். தூய ஆவியாரின் ஒளியைக் கேளுங்கள். காலை முதல் இரவு வரை நடந்தவற்றை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு ஒன்றைத் தீர்மானியுங்கள். அவ்வளவுதான். இதோடு ஞாயிறு திருப்பலியும், காலந்தவறாத பாவசங்கீர்த்தனமும் சேர்ந்தால் ஆன்மா தளராது. ஞாயிறு ஓய்வு நாள் என்பதையும் மறவாதீர்கள். தனிப்பயிற்சி வகுப்பு வைத்து அந்த நாளையும் பறித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் ஏது?

எலிசாவும் ஏழாயிரம் பேரும்

நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன் என்று எலியா முறையிட்டார். ஆண்டவர் இரண்டு செய்திகளைச் சொன்னார். உனக்குப்பின் பணியாற்ற எலிசா என்பவனைத் தேடிப் போ. பாகாலுக்கு மண்டியிடாதவர்கள் இஸ்ரயேலில் இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு. பெயேர்செபாவில் துணையை விட்டுவிட்டு வந்தவருக்கு, ஓரேபில் துணை கிடைத்தது. தன்னைப் பேணுதல் தனியாய்ச் செய்யக்கூடிய காரியம் அன்று. நம் வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்காக எண்ணினார். அந்த நான்காமவராய் இருப்பதே பங்கின் வேலை.

ஆதலால் பொன்விழாவின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று பதிப்பதோடு நில்லாமல், மூன்று காரியங்களை மேற்கொள்வோம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், வென்ற பிள்ளையின் வீட்டுக்கு இனிப்போடு போவதற்குமுன், தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு அன்பியத்தார் இருவராவது போவோம். மாலை வேளையில் ஆலய மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரை அழைத்து இரத்தப் பரிசோதனையும் மனநல ஆலோசனையும் நடத்துவோம்.

இளைஞர்களே, உங்கள் உயிர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கொடை. அதை உண்ண வைத்து, உறங்க வைத்து, பேச வைத்து, செபிக்க வையுங்கள். உங்களுக்கு முன்னாலும் வழி நெடியது. யாரேனும் ஒருவர் சூரைச்செடியின் அடியில் சோர்ந்து கிடக்கக் கண்டால், உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்பத்தோடும் தண்ணீரோடும் போங்கள். வானதூதர் செய்தது அதைத்தான்.

நம் பங்கின் பாதுகாவலரின் மன்றாட்டால் ஆண்டவர் உங்களை உடலிலும் உள்ளத்திலும் ஆன்மாவிலும் காத்தருள்வாராக! மரியே வாழ்க!