பதினொருவரும் ஒருவரும்



1954ஆம் ஆண்டு செப்ரெம்பர் 20ஆம் நாளிரவு அமெரிக்காவிற் சி.பி.எஸ். நிலையத்தார், ‘ஸ்ரூடியோ வன்’ என்னும் வரிசையில் ஒரு நாடகத்தை ஒளிபரப்பினர். ‘கோபங்கொண்ட பன்னிருவர்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். றெஜினால்ட் றோஸ் எழுதியது. பிராங்க்ளின் ஷவ்னர் நெறிப்படுத்தியது. விளம்பரமும் உட்பட ஒரு மணி நேரமே. நேரடி ஒளிபரப்பாதலின், நடிகர் ஒருவர் சொல்லை மறந்தால் அம்மறதியும் வீடுதோறும் போய்ச் சேரும்.

றோஸ் நியூயோர்க்கில் தாமே யூரராக அமர்ந்து ஓர் ஆட்கொலை வழக்கைக் கேட்டவர். அவ்வநுபவமே இந்நாடகத்தின் வித்து.

தந்தையைக் கத்தியாற் குத்திக் கொன்றான் என்பது ஓர் இளைஞன்மீது குற்றச்சாட்டு. விசாரணை முடிந்துவிட்டது. யூரர் பன்னிருவரும் ஓர் அறையில் அடைபடுகின்றனர். முதல் வாக்கெடுப்பிற் பதினொருவர் ‘குற்றவாளி’ என்கின்றனர்; எட்டாம் யூரர் ஒருவரே மறுக்கிறார். அவன் நிரபராதி என்று அவர் சாதிக்கவில்லை. ஓர் உயிரைப் போக்குமுன் சற்றுப் பேசுவோம் என்கிறார், அவ்வளவே.

நம் நாட்டு யூரி எழுவர் கொண்டது. ஐவர் ஒருபுறம் நின்றாற் போதும். இந்நாடகம் இங்கே நடந்திருந்தால் முதல் வாக்கெடுப்போடு திரை விழுந்திருக்கும்! ஆங்கே பன்னிருவரும் ஒருமிக்கவேண்டும் என்ற விதியே அந்த ஒருவனின் ஐயத்துக்குப் பெறுமதி கொடுத்தது.

கொலைக்கத்தி அபூர்வமானது என்றனர். எட்டாம் யூரர் அதுபோன்ற கத்தி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையிற் குத்துகிறார். (யூரர் தாமே சான்று தேடுவது முறையன்று, இச்சபையிலுள்ள சட்டத்தரணிகள் முகஞ்சுளிக்கலாம்.) கொலையாளி ஓடக் கண்டேன் என்ற முதியவர், நொண்டிக் காலுடன் அத்துணை விரைவிற் கதவை அடைந்திருக்க முடியுமா? அறைக்குள்ளேயே நடந்து நேரம் பார்க்கின்றனர். வரம்புத் தகராற்றிலே சாட்சி சொன்னதை நம்பாது, கயிறு பிடித்து அளந்து பார்த்த கமக்காரருக்கு இதன் அருமை விளங்கும்.

பத்தாம் யூரருக்கோ அளவு எதுவும் வேண்டியதில்லை. “அந்தக் கூட்டத்தார்” எல்லாரும் பொய்யர் என்பதே அவருடைய சான்று. எந்தக் கூட்டத்தார் என்று றோஸ் பெயர் குறிக்கவில்லை. அந்த இடத்தில் எந்தச் சிறுபான்மையின் பெயரையும் இட்டுப் பார்க்கலாம். நாம் இட்டுப் பார்த்தோம்.

1957இல் சிட்னி லூமெற் இதனைத் திரைப்படமாக்கினார்; ஹென்றி பொண்டா நடித்த அப்படத்தையே உலகம் அறியும். ஆனால் அந்த முதல் ஒளிபரப்பின் முழுப் பிரதி நெடுங்காலம் கிடைக்கவில்லை; முற்பாதியே எஞ்சியிருந்தது. 2003இலேதான் முழுமையும் அகப்பட்டது. எங்கே? காலஞ்சென்ற சாமுவேல் லீபோவிற்ஸ் வீட்டிலே.

அவர் யாரெனில், அலபாமா மாநிலத்து ஸ்கொட்ஸ்பரோ வழக்கிலே கறுப்பின இளைஞர்க்காக வாதாடியவர். கறுப்பர் எவரையும் யூரியில் அமர்த்தாத மாவட்டம் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, யூரர் பட்டியலிற் காணப்பட்ட கறுப்பர் பெயர்கள் பின்னர் செருகப்பட்டவை என்றார் லீபோவிற்ஸ். நீதியரசர்கள் பட்டியலை வாங்கி, உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பார்த்தனர். 1935இல் அத்தண்டனை தள்ளுபடியாயிற்று.