மழை ராத்திரியும் மனக்கவலையும்

(சப்ரகமுவ தோட்டங்களின் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், அரைப்பேர், சேமலாப நிதி பற்றிப் பேசுவோம். இன்றைக்கு ராத்திரியில் நித்திரை வராததைப் பற்றிப் பேசுகிறேன். இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் மனம் ஓடத் தொடங்குகிறது. மேட்டு மண் சரியுமா? விடிய பால்வெட்டு இருக்குமா? வேலை இல்லாவிட்டால் கிழமைக் கடன்காரருக்கு என்ன சொல்வது? கொழும்புக் கடையில் நிற்கும் மகன் சாப்பிட்டானா? ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது. விடியும்போது உடம்பில் தெம்பு இல்லை, கூடையோடு மலை ஏற வேண்டும்.

இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் நம் கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளம். ஆகவே பயப்படுகிறவரிடம் "சும்மா யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள். அந்தப் பேச்சால் யாருக்கும் யோசனை நின்றதில்லை.

கவலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். செய்ய வேலை உள்ள கவலை ஒன்று. செய்ய எதுவும் இல்லாத கவலை மற்றொன்று. மண்சரிவு முதல் வகை. அதைப் பகலிலேயே முடிவு செய்யலாம்: எந்தப் பாதையால் இறங்குவது, எங்கே போவது, பாட்டியை யார் தூக்குவது, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பை எங்கே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக எச்சரிக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆபத்தான இடத்தில் இருக்கக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மழை ராத்திரியில் லயத்துக்கு இரண்டு பேர் முறை வைத்து விழித்திருக்கட்டும். மற்றவர்கள் தூங்கலாம்.

கடன், பிள்ளைகள் பற்றிய யோசனைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். ராத்திரி அதே நினைப்பு வந்தால் "அதை நாளைக்குக் கொப்பியில் பார்ப்போம்" என்று ஒத்திப்போடுங்கள். ஒரு நாளில் பழகாது, சில கிழமைகள் எடுக்கும். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள்; நெஞ்சுப் படபடப்பு தணியும். பின்னேரத்துக்குப் பிறகு கடும் சாயம் வேண்டாம். கசிப்பு முதலில் தூக்கம் தரும். நடுச்சாமத்தில் எழுப்பிவிட்டுப் பயத்தை இரட்டிப்பாக்கும்.

மழை இல்லாத நாளிலும் கவலை விடவில்லை, தூக்கமில்லை, உடம்பு வலிக்கிறது, பிள்ளைகள் மேல் எரிச்சல் வருகிறது, மாதக்கணக்காக இப்படியே என்றால் அது வருத்தம். காய்ச்சலுக்குப் போவதுபோல் வைத்தியரிடம் போக வேண்டும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வைத்தியசாலைக்கும் போங்கள். இரத்தம் குறைந்தாலும், தைரொய்ட் கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும். அதையும் சோதித்துப் பார்ப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. மருந்து தந்தால் நீங்களாக நடுவில் நிறுத்தாதீர்கள். தமிழும் அரசகரும மொழி. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். "இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்துப் போங்கள்.

தலைவர்களே, தலைவிகளே, மூச்சுப் பயிற்சியால் மேட்டு மண் நிற்காது, கடனும் கட்டுப்படாது. பாதுகாப்பான காணிக்கும், வாழப் போதுமான சம்பளத்துக்கும் சங்கம் தொடர்ந்து போராடும். அதுவரை இந்த மாதம் மூன்று வேலை செய்யுங்கள். ஒவ்வொரு லயத்திலும் மழை ராத்திரிக்கு முறைப் பட்டியல் போடுங்கள். கிளினிக் போகிறவருக்குப் பேர் வெட்டப்பட்டால் சங்கத்துக்கு அறிவியுங்கள். மனவருத்தம் உள்ளவரைப் "பைத்தியம்" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.