கட்டம் மாறி விழுந்த குறி



அமெரிக்காவின் 2010-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தன்பாலின இணையர் 9,01,997 என்று முதலில் தொகை வந்தது. 2011 செப்டம்பரில் கணக்கெடுப்புத் துறையே அதை 6,46,464 என்று திருத்தியது. குறைந்துபோன இரண்டரை லட்சம் இணையரும் யார்? பெரும்பாலும் கணவனும் மனைவியுமாகக் குடும்பம் நடத்தியவர்கள்தான். இருவரில் ஒருவருடைய பால் படிவத்தில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது.

தபாலில் படிவத்தை அனுப்பாத வீடுகளுக்குக் கணக்கெடுப்பாளர் நேரில் போவார். அவர் கையில் இருந்தது கட்டங்கள் நெருக்கமாக அமைந்த அட்டவணை. வாசலில் நின்று, ஆளுக்கு ஒரு வரியாகக் கேட்டு எழுத வேண்டும். மனைவியின் வரியில் கை தவறி 'ஆண்' என்ற கட்டத்தில் குறி விழுந்தால் போதும், அந்த வீடு தன்பாலின இணையர் வீடாகிவிடும்.

இப்படித் தவறுகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால், அங்கே கணவன் மனைவி குடும்பங்கள் சுமார் 5 கோடியே 60 லட்சம். ஆயிரத்துக்கு மூன்று பிசகினாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். அண்டாவிலிருந்து சிந்துவது சின்னக் கிண்ணத்தை நிறைத்துவிடுகிறது. மணமான தன்பாலின இணையரின் தொகைதான் மிக மோசமாக ஊதிப்போயிருந்தது: 3,49,377 என்றிருந்தது திருத்தத்துக்குப் பின் 1,31,729 ஆனது. கணக்கெடுப்பு நடந்தபோது அத்தகைய திருமணத்துக்கு அங்கே ஐந்து மாநிலங்களிலும் தலைநகரிலும் மட்டுமே அனுமதி இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிழையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெயரை வைத்துத்தான். ஜான் என்று பெயர் எழுதிப் பக்கத்தில் 'பெண்' என்று குறித்திருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? எந்தப் பெயர் எந்த மாநிலத்தில் ஆணுக்கு வழங்குகிறது, எது பெண்ணுக்கு என்று பார்த்துத் தொகையை மதிப்பிட்டார்கள்.

இதைவிட எனக்கு வேதனை தருவது 1990 கணக்கெடுப்பில் நடந்தது. ஒரே பாலினர் இருவர் தங்களைத் தம்பதி என்று எழுதியபோது, அதைப் பிழையென்று கொண்டு ஒருவருடைய பாலையே அலுவலகத்தில் மாற்றினார்கள். உண்மையைச் சொன்னவர்களும் கணக்கில் காணாமல் போனார்கள். வெளியே சொல்ல அஞ்சி எழுதாமல் விட்டவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை.

2020 படிவத்தில்தான் தன்பாலினக் கணவர் அல்லது மனைவி, எதிர்பாலினக் கணவர் அல்லது மனைவி என்று தனித்தனிக் கட்டங்கள் வந்தன. மணமாகாத இணையருக்கும் அவ்வாறே. சம்பந்தப்பட்டவர்களையே நேரடியாகக் கேட்பதுதான் சரியான வழி. அதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது.