மலைப்பாம்பு வளர்க்கலாமா?

மும்பையில் வாழும் நம் நண்பர் ஒருவரின் மகன், தனக்கு ஒரு பர்மிய மலைப்பாம்புக் குட்டி வேண்டுமென அடம் பிடித்தான். நண்பர் நம்மிடம் யோசனை கேட்டார். குட்டி 2 அடிதானாம். கயிறுபோல் கையில் சுருண்டு கிடக்குமாம். கயிற்றைப் பாம்பென மயங்குவதை வேதாந்திகள் கூறுவர். பாம்பைக் கயிறென எண்ணி விலை கொடுப்பது புதிது!

முதலில் சட்டத்தை நோக்கினோம். நம் நாட்டு மலைப்பாம்பும், வடகிழக்கில் வாழும் பர்மிய இனமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களையோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதிவு செய்தல் வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இக்குட்டி சில ஆண்டுகளில் 10 அடியை எட்டும். 20 ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். பையன் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுவான். பாம்பு வீட்டிலேயே இருக்கும். நமக்கோ ஊர் ஊராக மாற்றல் உத்தியோகம். பொங்கலுக்கு ஊர் செல்லுங்கால் அண்டை வீட்டாரிடம் சாவியோடு பாம்பையும் ஒப்படைக்க இயலுமா?

அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்த்தோர் கைவிட்டவையும் தப்பியவையும் சதுப்புநிலத்தில் பல்கிப் பெருகின. அங்கே முயலும் ரக்கூனும் அரிதாயின. 2012-இல் அந்நாட்டரசு பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடுத்தது. ஆயினும் பெருகியவை பெருகியவையே.

கோடை விடுமுறையில் சென்னைக் கிண்டிப் பாம்புப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக நண்பர் மகனுக்கு வாக்களித்துள்ளார். பையன் இன்னும் இணங்கவில்லை.