சுளவும் புத்தகப்பையும்

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளிப் பிள்ளைகளைப் புகையிலையிலிருந்து காப்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். வேறு ஊரென்றால் புற்றுநோய்ப் படங்களைக் காட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். நெல்லை, தென்காசிச் சீமையில் அது நடக்காது. பீடிச் சுளவு இல்லாத தெரு இங்கே ஏது? தாய் சுற்றிய பீடியில்தான் பிள்ளைக்கு நோட்டும் பையும் வந்தன. அந்தப் பிள்ளையிடம் “புகையிலை விஷம்” என்றால் அவன் நம்மைப் பார்க்கிறான். பிறகு வீட்டுச் சுளவை நினைத்துக்கொள்கிறான்.

ஆகவே தாய்மார்களே, மறைக்காமல் சொல்லுங்கள். “வேறு பிழைப்பில்லை, அதனால் சுற்றுகிறேன், நீ இதைத் தொடாதே” என்று நீங்கள் சொன்னால், பத்து வாத்தியார் சொல்வதைவிட அது உறைக்கும். சொன்னபடியே நடக்கவும் வேண்டும். தூளிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும். பள்ளிவிட்டு வந்த பிள்ளையை நூல் கட்ட உட்கார்த்தாதீர்கள். கைக்குழந்தையைச் சுளவருகே கிடத்தாதீர்கள்.

நாற்பது வயதில் வரும் நோயைச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பையன் பயப்படமாட்டான். நாற்பது அவனுக்குக் கிழவயது! அவனுக்கு விளங்குவதைச் சொல்லவேண்டும். இழுத்த புகையின் நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளைக்கு ஏறுகிறது. வளரும் மூளையை அது எளிதில் பிடித்துக்கொள்ளும். பந்து விளையாடினால் மூச்சு வாங்கும். உதட்டுக்குள் ஒதுக்கும் பொட்டலத்தில் புகை இல்லைதான். ஆனால் அதே நிக்கோட்டின் இருக்கிறது, வாய்ப்புற்றும் வரும்.

முதல் பீடியை நீட்டுபவன் பெரும்பாலும் பகைவன் அல்ல, கூட்டாளிதான். அங்கேதான் பையன் தடுமாறுகிறான். “எனக்கு வேண்டாம்ல, ஆட்டம் இருக்கு” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடப் பழக்கவேண்டும். மறைக்கல்வி வகுப்பில் இருவர் இருவராக இதை நடித்துப் பார்க்கட்டும். நடிப்பென்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்!

தகப்பன்மாருக்கும் ஒரு சொல். “ஏலே, ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா” என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அனுப்புகிறவர் நாமாக இருந்தால் கடைக்காரரை நொந்து பயனென்ன?

திருச்சபைக்கு இது புதிய கவலையுமல்ல. 1642-இல் பாப்பரசர் எட்டாம் உர்பன், ஸ்பெயின் நாட்டின் செவில் மறைமாவட்டக் கோவில்களுக்குள் புகையிலையைத் தடைசெய்தார். அக்காலத்தில் குருக்களே கோவிலுக்குள் பொடி போட்டார்களாம்! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். நல்ல வருமானம் தந்த விற்பனை அது. வத்திக்கானுக்கு அது இயலும். சுளவையே நம்பியிருக்கும் விதவைத் தாய்க்கு இயலுமா? நம் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்று அதே சுளவின் முன் உட்காராதபடி, யூபிலி நிதியில் ஒரு பகுதியை அவர்களின் மேற்படிப்புக்கும், தாய்மாரின் தையல் பயிற்சிக்கும் ஒதுக்கவேண்டுமெனப் பங்குப் பேரவையை இந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.