பழைய செய்தித்தாள் கட்டும் இதழியல் வகுப்பறையும்: தலைமை உரை



கல்லூரியில் ஜர்னலிசம் படிப்பது எப்படி இருக்கிறது என்பதுதான் இன்றைய கருத்தரங்கின் பொருள். அதைப் பேசக் கழக்கூட்டம் நல்ல இடம். கேரளப் பல்கலைக்கழகத்தின் இந்தக் காரியவட்டம் வளாகத்தை ஒட்டி, 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது. நிருபராகும் கனவோடு படித்தவர்கள் பலரும் 'கன்டென்ட் ரைட்டர்' என்ற பெயரில் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, குறை சொல்வதற்கில்லை. கடற்கரைப் பக்கம் போனால் ராக்கெட் ஏவுதளம் உள்ள தும்பா. ரயிலேறிக் கடைக்காவூரில் இறங்கினால் வக்கம். என் பேச்சு இந்தக் கடைசி இரண்டு ஊர்களைப் பற்றியது.

வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் 'சுதேசாபிமானி' பத்திரிகையைத் தொடங்கினார். அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூர் திவானைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரை ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். ஊர் திரும்ப முடியாத அந்த மனிதர் 1912இல் இதழியலுக்கு மலையாளத்தில் ஒரு பாடநூல் எழுதினார். இப்படிப் பிறந்த பாடத்திட்டம் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். முதல் பருவத்தில் லாஸ்வெல், ஷானன், வீவர் ஆகியோரின் தகவல்தொடர்பு மாதிரிகள். அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தால் மதிப்பெண் நிச்சயம். அடுத்து கேமரா, எடிட்டிங், மாணவர்களே தயாரிக்கும் லேப் ஜர்னல். லேப் ஜர்னல் அச்சாகும் வாரத்தில் மட்டும் துறையே பத்திரிகை அலுவலகம்போல ஆகிவிடும். தலைப்பு நீளம், பக்கத்தில் இடம் போதவில்லை, படத்துக்கு விளக்கம் எழுத ஆளில்லை என்று இரவு வரை சத்தம். அந்த ஒரு வாரத்தில் கற்பதை மூன்றாண்டுப் பாடம் கற்றுத் தருவதில்லை. 1920இல் அன்னி பெசன்ட் அடையாற்றில் இதழியல் வகுப்பு தொடங்கியபோது, மாணவர்களைத் தம் 'நியூ இந்தியா' நாளிதழ் அலுவலகத்திலேயே பழக விட்டார். நாம் அதைச் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பாகச் சுருக்கி, கடைசிப் பருவத்தில் ஒட்டவைத்திருக்கிறோம்.

வகுப்பில் இல்லாத ஒன்றைத் தும்பா கற்றுத் தரும். 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண் ஒருவர் கைதானார். விசா முடிந்த பிறகும் தங்கியிருந்தார் என்பது குற்றச்சாட்டு. சில வாரங்களில் அது ராக்கெட் ரகசியம் விற்ற கதையாக வளர்ந்தது. நவம்பர் 30 அன்று நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டு, ஐம்பது நாள் சிறையில் இருந்தார். பத்திரிகைகள் நாள்தோறும் புதுப்புது விவரங்கள் தந்தன. 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

மாணவர்களிடம் அந்நாளைய நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தைக் கொடுங்கள். சிவப்புப் பேனாவும் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், இதை நிருபருக்குச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஓரம் முழுக்க 'போலீஸ்', 'போலீஸ்', 'தெரியவில்லை' என்று நிறைந்துவிடும். விற்கப்பட்டதாகச் சொன்னது கிரயோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பம். அதைத் தருவதற்கு 1991இல் சோவியத் யூனியன் ஒப்பந்தம் போட்டிருந்தது; அமெரிக்க நெருக்கடியால் 1993இல் ரஷ்யா பின்வாங்கிவிட்டது. நம் சொந்த கிரயோஜெனிக் எஞ்சினோடு ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். கையில் இல்லாத சரக்கை எப்படி விற்றிருக்க முடியும்? இதைக் கேட்க ரகசிய ஆதாரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரஷ்யா பின்வாங்கியது முந்தைய ஆண்டே பத்திரிகைகளில் வந்த செய்தி. நூலகத்துக்குப் போய்ப் பழைய கட்டைப் பிரித்திருந்தால் போதும்.

அன்றைய நிருபர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டிப் பத்திரிகை நாளைக்குப் போட்டுவிடும் என்ற பயம் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தோடு எப்படி வேலை செய்வது என்பது எந்தப் பருவத்துப் பாடத்திலும் இல்லை. இன்று போலீஸ் அதிகாரியின் இடத்தில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அவ்வளவே.

தமிழ்த் துறையினருக்கும் ஒரு வார்த்தை. நம் மாணவர் ஆங்கிலத்தில் பாடம் படித்து, ஆங்கிலத்தில் தேர்வு எழுதி, வேலைக்குப் போன முதல் நாள் தமிழில் காப்பி எழுதுகிறார். வாக்கியம் தடுமாறுகிறது. விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்தில், எந்தத் துறையில் படித்த பிள்ளையும் ஊருக்குள் போய்த் தமிழில் எழுதித்தான் கற்றுக்கொண்டது. வேதியியல் படித்தவர்கள்கூட அப்படி நல்ல நிருபர்களானார்கள். நம் துறைகள் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

1994, 95ஆம் ஆண்டுத் தமிழ் நாளிதழ்கள் இந்த வழக்கை எப்படி எழுதின என்று ஆராய ஒருவராவது இந்த அரங்கிலிருந்து புறப்பட்டால் நல்லது. வழக்கில் சிக்கியவர் நம் ஊர்க்காரர். கட்டுகளும் எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

முதல் அமர்வுக்குப் போகலாம். ஒரு கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம். மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். எனக்கு இரண்டு முறை அடித்துவிட்டார்கள்.